கடல் தண்ணீர் ஏறிய வயலுக்கு ஜிப்சம் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, பர்மாவில் யாங்கோன் அருகே தொங்குவா பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர். புரட்டாசி பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் கரை உடைந்து கடல் தண்ணீர் மூன்று நாள் வயலில் நின்றது. கதிர் வரும் நேரம், பாதி பதராகிப் போனது. கார்த்திகையில் பாசிப்பயறு விதைத்தோம், இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகிச் செத்தது. இப்போது மாசியில் நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. கடைக்காரர் ஏக்கருக்கு இரண்டு டன் ஜிப்சம் போடச் சொல்கிறார். வாங்கலாமா? இந்த வருஷம் எதுதான் வரும்?

பதில்: தம்பி, காசை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் உடைந்த கரையை அடைத்துவிடுங்கள், அப்புறம் வடிகால் வெட்டுங்கள், ஜிப்சம் வேண்டுமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு வருகிற பேச்சு. ஜிப்சம் உப்பைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உப்பைத் தொடுவதே இல்லை. களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை உட்கார வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். போகிற வழி இல்லாத வயலில் இரண்டு டன் என்ன, பத்து டன் கொட்டினாலும் வீண்.

உங்களுக்கு வந்த கஷ்டம் பாதி காலத்தால் வந்தது. நர்கிஸ் புயல் 2008 மே 2, 3 தேதிகளில் நம் பர்மாவை அடித்தது, ஐராவதி டெல்டா வயல்களில் கடல் புகுந்தது, நிலம் செத்தது என்றுதான் எல்லாரும் அழுதார்கள். ஆனால் அடுத்த வாரங்களிலேயே மழைக்காலம் தொடங்கி, பெய்த மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனதால் பல வயல்களில் அதே பருவத்தில் நெல் நட்டார்கள். நாகப்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம், கழுவ மழை இல்லை, அடுத்த மழை வரை உப்பு அங்கேயே கிடந்தது. உங்கள் நிலமும் அந்த மாதிரிதான். மழை முடிகிற நேரத்தில் கடல் வந்ததால் உப்பு உள்ளேயே தங்கிவிட்டது, வெயில் காலத்தில் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பையும் கூடவே இழுத்து வந்து மேலே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பூப்பு அதுதான்.

அந்தப் பூப்பைச் சுரண்டி எடுக்கலாம், ஆனால் தயவுசெய்து வரப்பில் போடாதீர்கள், முதல் மழையில் அப்படியே திரும்பி இறங்கிவிடும். வயலுக்கு வெளியே, ஏற்றத் தண்ணீர் அடித்துப்போகும் இடத்தில் கொட்டுங்கள். இதனால் போவது மேலோட்டமான உப்பு மட்டும்தான், அதனால் கூலி கொடுத்துச் செய்யாதீர்கள். கையிலிருக்கும் வைக்கோலை நிலத்தில் பரப்புங்கள், வெயில் மண்ணைத் தொடாவிட்டால் உப்பு ஏறுவது குறையும்.

இப்போது சோதனை. மூன்று இடத்தில் அரையடி ஆழத்து மண்ணை எடுத்து, தனித்தனி கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள் (கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கலாம்). மறுநாள் காலையில் மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் இப்போதைக்கு வெறும் உப்புதான், மழை பார்த்துக்கொள்ளும். தெளியாமல் கலங்கலாகவே நின்றால் சோடியம் களிமண்ணைப் பிடித்துவிட்டது, அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. ஒரு விஷயம்: உப்பு நிறைய இருக்கும்போது சோடியம் பிடித்த மண்ணும் தெளிந்து காட்டி ஏமாற்றும். அதனால் இதே சோதனையை முதல் இரண்டு கழுவலுக்குப் பிறகு இன்னொரு தடவை செய்யுங்கள். அப்போது கலங்கினால் அந்தப் பாகத்துக்கு மட்டும் ஏக்கருக்கு ஒரு டன்னில் தொடங்கி, தூளாகத் தூவி, நாலு அங்குலம் மண்ணோடு கலந்து, தண்ணீர் கட்டி, சில நாள் கழித்து வடியுங்கள்.

கழுவுவது என்றால் தண்ணீர் கட்டி வைப்பது மட்டும் இல்லை. பொதுக் கணக்கு இதுதான்: ஓரடி மண்ணின் உப்பில் பாதி போக அரையடி நல்ல தண்ணீர் அந்த மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும், ஐந்தில் நாலு பங்கு போக ஓரடி. நமக்கு வருஷத்துக்கு எட்டு அடிக்கு மேல் மழை பெய்கிறது, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் வடிகாலுக்குத்தான். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்காது. அதனால் வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஒரு வாய்க்கால் கடைசி ஓடைக்குப் போகட்டும். வைகாசி முதல் மழையில் தண்ணீர் கட்டி, உழுது கலக்கி, மண் படிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஏற்றம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து விடுங்கள். இப்படி மூன்று தடவை. ஏற்ற நேரத்தில் மதகைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போனால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியதுதான்.

அலையாத்திக் காடு வெட்டிய நிலமாக இருந்து, வெட்டும்போது அழுகின முட்டை வாடையும் வைக்கோல் நிற மஞ்சள் கோடுகளும் வந்தால் மட்டும் ஆழமாக வெட்டாதீர்கள். அந்த மண் காற்றுப் பட்டதும் கடும் புளிப்பாகிவிடும், அதற்கு ஜிப்சம் உதவாது, சுண்ணாம்பு வேண்டும்.

கழுவியதும் ஆனி பிறப்பதற்குள் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ. உப்பையும் தேங்கின தண்ணீரையும் தாங்கும், வேர் மண்ணைத் திறந்துவிடும், 45 நாளில் மடக்கி உழுதால் மண்ணுக்குச் சாப்பாடு. பிறகு நெல். விதை வாங்கும்போது உப்புத் தாங்கும் நெல் என்று பர்மியத்தில் அழுத்திக் கேளுங்கள். நாற்றங்காலை மட்டும் நல்ல மண்ணில், குளத்தோரம் போடுங்கள், ஆனால் அந்தக் குளத்திலும் கடல் ஏறியிருந்தால் வேறு இடம். இளநாற்றுதான் உப்புக்கு முதலில் சாகும், அதனால் 35 நாள் நாற்றாக, குத்துக்கு நாலைந்து, நெருக்கி நடுங்கள். ஏக்கருக்குத் துத்தநாக சல்பேட் 10 கிலோ. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதிலேயே குளோரைடு இருக்கிறது.

பாசிப்பயறுதான் உங்கள் ஊரின் காசு என்று தெரியும். ஆனால் உப்புக்கு அதைப்போல முகம் சுளிக்கிற பயிர் குறைவு. நெல்லுக்குப் பின் இந்த வருஷம் மேட்டுப் பாத்தியில் சூரியகாந்தி பாருங்கள், பாசிப்பயறு (பெடிசெய்ன்) விதையைக் கால் ஏக்கரில் மட்டும் சோதித்துப் பாருங்கள். கரையில் பூவரசு, சவுக்கு, தென்னை. கரைக்கு வெளியே ஓடைச் சேற்றில் கூரை வேயும் டனி ஓலை மரம், அலையின் அடியை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

நிலத்தில் உப்பு மண் செடியான உமரி மட்டும் நிற்கும் இடத்தை இந்த வருஷம் நெல்லுக்கு எடுக்காதீர்கள், அறுகு தானாக ஏறி வந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பாட்டில் சோதனை இரண்டாம் தடவை முடிந்ததும் எந்தப் பாத்தி தெளிந்தது, எது கலங்கியது என்று எழுதுங்கள், ஜிப்சம் எத்தனை மூட்டை என்று அப்போது சொல்கிறேன்.