புது ஜாக்கெட் நனைகிறது, புது ஷூ கடிக்கிறது: வாசகர் கேள்வி-பதில்

மழைக்கும் மலைக்கும் என்று வாங்கி ஏமாந்த உடுப்பு, காலணி பற்றிய கேள்விகளை இந்தத் தடவை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். கேட்டவர்கள் எல்லோருமே கோபத்தில் இருக்கிறார்கள். சிலருடைய கோபம் கம்பெனி மேல் நியாயமாகப் போக வேண்டியது. சிலருடையது துவைக்கிற சோப்பின் மேல்.

'வாட்டர்ப்ரூஃப் 10,000 மி.மீ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஜாக்கெட். முதல் வருடம் நன்றாக இருந்தது. இப்போது ஒரு மணி நேர மழைக்கே உள்ளே சட்டை நனைந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

தூக்கிப் போடுவதற்கு முன்னால், அது மழைத் தண்ணீரா, உங்கள் வியர்வையா என்று பார்த்துவிடுங்கள். ஜாக்கெட்டின் தோள்பட்டைப் பகுதியை, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி, ஒரு கிண்ணத்தின் மேல் குழிவாக விரியுங்கள். கிண்ணத்துக்குள் உலர்ந்த டிஷ்யூ பேப்பர் போட்டு, குழிவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். பேப்பர் நனைந்தால், உள்ளே தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய சவ்வோ தையலோ போய்விட்டது. நனையாவிட்டால் பெரும்பாலும் சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது. தேய்ந்தது மேல்துணியில் இருந்த நீர்விலக்குப் பூச்சு.

பூச்சு போய்விட்டால் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அந்த ஈரத்தைத் தாண்டி வியர்வை ஆவி வெளியே போக வழியில்லை. உள்ளேயே குளிர்ந்து நீராகிச் சட்டையில் ஒட்டும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். பையின் பட்டை உரசுகிற தோளிலும், கை உரசுகிற மணிக்கட்டிலும்தான் இது முதலில் தெரியும்.

பலர் 'துவைத்தால் பூச்சு போய்விடும்' என்று பயந்து வருடக்கணக்கில் துவைப்பதே இல்லை. விஷயம் நேர்மாறானது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் சேர்ந்தால்தான் பூச்சு வேலை செய்யாமல் நிற்கும். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் கலந்த ரசாயனங்கள் இருந்தன. அவை சுற்றுச்சூழலில் அழியாமல் தங்கிவிடுகின்றன என்பதால் பல கம்பெனிகள் கைவிட்டு வருகின்றன. புதிதாக வந்தவை தண்ணீரைத் தள்ளும், ஆனால் எண்ணெயைப் பழையவை போலத் தள்ளாது. அதனால் புது ஜாக்கெட்டை முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். இதற்கென்று விற்கும் திரவ சோப்பு போதும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. இரண்டு தடவை அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓட்டுங்கள், அந்தச் சூட்டில் பூச்சு மறுபடி உயிர்பெறும். அப்புறமும் தண்ணீர் முத்து முத்தாக உருளவில்லை என்றால் பூச்சு ஸ்ப்ரே வாங்கி அடிக்கலாம்.

அந்த 10,000 பற்றி ஒரு வார்த்தை. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்த கணக்கு அது. வியர்வை எவ்வளவு வெளியேறும் என்பது வேறு எண். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவி போகும் என்று அதை அளப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் ஆவி போவதற்கு இடமில்லை. சூடான மழையில் ஏற்றம் ஏறுகிற ஆளை எந்த விலை ஜாக்கெட்டும் உலர வைக்காது. அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். விலை கூடின சவ்வைவிட அதுதான் உதவும் என்பது என் கட்சி.

நாலைந்து தடவைதான் போட்ட ட்ரெக்கிங் பூட்ஸ். சில வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். போன மாதம் எடுத்துப் போட்டு நடந்தால் பாதி வழியில் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. மேல் தோல் புத்தம் புதிது!

மனது கேட்காதுதான். ஆனால் இது பொருளின் இயல்பு. அடிச்சோலுக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தை பல பூட்ஸ்களில் பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அந்த மூலக்கூறுகளை மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடக்கும். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னும் வேகமாக. ஐந்தாறு வருடம் தாண்டிய பூட்ஸ் என்றால் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது 'பத்திரம்' இல்லை. ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரை மெத்தைக்கு இந்த நோய் கிடையாது, அது வேறு விதமாக, அமுங்கியும் இறுகியும் சாகும்.

வெளியே கிளம்பும் முன் கட்டைவிரலால் மெத்தையை அழுத்திப் பாருங்கள், பூட்ஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு, பிசுபிசுப்பு, பொடி ஏதாவது தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். உதிர்ந்ததைக் கோந்து போட்டு ஒட்ட முடியாது, ஒட்டுவதற்குப் பிடிப்பே இருக்காது. மேல் தோல் நன்றாக இருப்பதால் புது சோல் போட்டுத் தருவார்களா என்று தயாரித்த கம்பெனியிடமே கேளுங்கள். சில மாடல்களுக்குச் செய்கிறார்கள். தள்ளுபடியில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். கிடங்கில் கிடந்த வருடங்களும் அதன் வயதுதான். நாக்குப் பகுதியின் உள்லேபிளில் தயாரித்த மாதம், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் கச்சிதமாக இருந்த ஷூ, இறக்கத்தில் கால்விரலைக் கொன்றுவிட்டது. பெருவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கட்டுமா?

எந்த நேரத்தில் போய் வாங்கினீர்கள்? காலையில் என்றால் அங்கேயே பாதித் தப்பு. நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். அதனால் சாயங்காலம், மலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். ஆனால் பெரிய சைஸ் மட்டுமே தீர்வு இல்லை. குதிகால் உள்ளே வழுக்கினால் பெரிய ஷூவிலும் பாதம் முன்னால் போய் முட்டத்தான் செய்யும். இறக்கத்துக்கு முன்னால் குதிகாலைப் பின்னால் தள்ளி வைத்து, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். கடைசி ஓட்டைகளில் லேஸை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் பூட்டிவிடும். நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நனையாத ஷூ என்று வாங்கினேன். கோடையில் கால் வெந்து கொப்புளம்தான் மிச்சம்.

கோடைக்கு அது வேண்டாம். வெளியிலிருந்து வராத தண்ணீர் உள்ளிருந்தும் போகாது, கணுக்கால் வழியாக உள்ளே இறங்கிவிட்டாலோ அன்று முழுக்கக் குளம்தான். வலைத்துணி ஷூ நனையும், நடக்க நடக்கக் காயும். குளிருக்கும் சேற்றுக்கும் மட்டும் இப்போது இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபலமான பெயர் போட்ட சோல், ஆழமான பற்கள். ஆனாலும் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தேன்.

பற்கள் சேற்றுக்கும் மண்ணுக்கும். வழவழப்பான ஈரப் பாறையில் பிடிப்பது ரப்பரின் மென்மையும், அது பாறையில் படும் பரப்பும்தான். ஒரே கம்பெனி பல வகை ரப்பர் செய்கிறது. வைப்ரம் என்ற சோல் கம்பெனியின் முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. உதாரணமாக அதிலே மெகாகிரிப் என்பது ஈரப் பிடிப்புக்காகச் செய்த வகை. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், கெட்டியானது நாள்பட உழைத்து வழுக்கும். இரண்டையும் ஒரே ஷூவில் எதிர்பார்க்காதீர்கள். பாசி படிந்த பாறை என்றால் எந்த ரப்பரையும் நம்ப வேண்டாம்.

டவுன் ஜாக்கெட்டில் (மெல்லிய பறவை இறகு அடைத்தது) இறகு வெளியே வருகிறது. துவைத்த பிறகு உள்ளே கட்டி கட்டியாக ஆகிவிட்டது.

வெளியே தலை நீட்டும் இறகைப் பிடுங்காதீர்கள், ஓட்டை பெரிதாகும். உள்பக்கத்திலிருந்து கிள்ளிப் பின்னால் இழுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு வருவது சகஜம். தையல் முழுக்கக் கொட்டினால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் தப்பில்லை. கட்டியானது இன்னும் காயாததால்தான். டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்து போட்டு, பொறுமையாக ஓட்டுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்; விரலால் தடவிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால் நிறுத்தாமல் இன்னும் ஓட்டுங்கள்.

புது ஜாக்கெட்டின் ஜிப், மூடின பிறகு பின்னாலேயே திறந்துகொள்கிறது.

பல் போயிருக்காது, இழுத்து மூடுகிற ஸ்லைடர் அகன்றிருக்கும். புதிது என்றால் கடைக்கே எடுத்துப் போங்கள். வாரண்டி முடிந்தது என்றால், ஸ்லைடரைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் இரண்டு பக்க ஓரத்தையும் குறடால் துளித்துளியாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ஸ்லைடர் உடையும்.