பழைய கணினியை எந்த அளவுக்குக் கழற்றலாம்?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி: மறைந்த என் கணவர் 2004இல் வாங்கிய மேசைக் கணினியும் பெட்டி போன்ற கண்ணாடிக் குழாய் மானிட்டரும் ஸ்டோர் ரூமை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினால் தகவலும் திருடு போகாது, செம்புக்குக் காசும் கிடைக்கும் என்கிறான் மகன். அப்படிச் செய்யலாமா?

பதில்: தகவலைப் பற்றிய உங்கள் மகனுடைய கவலை நியாயமானது, ஆனால் அதற்காகக் கழற்ற வேண்டியது தகவல் சேமிக்கப்படும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டுமே. ஃபார்மட் செய்வது பெரும்பாலும் கோப்புகளின் அட்டவணையை மட்டும் அழிப்பதால், உள்ளே கிடக்கும் கணக்குகளை மென்பொருள் கொண்டு மீட்டுவிட முடியும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், பட்டையான ஒரு கேபிளும் நான்கு முனை மின்செருகியும் பொருத்தப்பட்ட உலோகப் பெட்டி தெரியும். அதுதான் ஹார்ட் டிஸ்க். அது இன்னும் ஓடுமானால், தேவையான கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, வட்டு முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் மேலெழுதினால் போதும். ஓடாவிட்டால், நட்சத்திர வடிவத் திருகுகளைக் கழற்றி, உள்ளே பளபளக்கும் தட்டுகளை ஆழமாகக் கீறி வளைக்க வேண்டும். மடிக்கணினி வட்டுகளில் அந்தத் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது என்பதால், அவற்றை உடைப்பவர் கண்ணுக்குக் காப்பு அணிவது அவசியம். உள்ளே இருக்கும் காந்தங்களை மகன் எடுத்துக்கொள்ளட்டும். விரலை நசுக்கும் அளவுக்கு வலுவானவை என்பதை மட்டும் சொல்லிவைக்கவும்.

மற்றவற்றைத் தொட வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைப் பெட்டிக்குள் ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கியில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். மானிட்டர் குழாயோ பல்லாயிரம் வோல்ட்டில் இயங்கியது, வெற்றிடமாக்கப்பட்டது, அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. அக்காலத்து மதர்போர்டுகளின் பற்றாசிலும் (சால்டர்) பொதுவாக ஈயம் கலந்திருந்தது. சில வெள்ளி (டாலர்) பெறும் செம்புக்காக இவற்றை வீட்டில் வைத்துப் பிரிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

2021 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவுத் திட்டத்தின்படி, 300 சதுர மீட்டருக்குக் குறையாத பெரிய மின்சாதனக் கடைகளில் சேகரிப்புத் தொட்டி இருக்க வேண்டும். தொட்டியின் வாயில் நுழையாத மானிட்டரை அகற்ற உங்கள் நகர மன்றத்தைக் கேளுங்கள். உடைத்த ஹார்ட் டிஸ்க்கும் மின்னணுக் கழிவுத் தொட்டிக்கே போக வேண்டும்; புளோக்கின் கீழுள்ள நீல மறுசுழற்சித் தொட்டியில் அதைப் போடாதீர்கள்.