நோய் திரும்பிய பின் ஒரே மருந்து போதுமா?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் இரண்டையும் 6 சுற்று ஏற்றினார்கள். முடிந்த நான்காம் மாதமே வயிற்றில் நீர் கோத்து நோய் திரும்பிவிட்டது. இப்போது ஒரு மருந்து மட்டும் போதும் என்கிறார்கள். நம்மைக் கைவிட்டுவிட்டார்களோ என்று தாய்மாமா வருந்துகிறார்.

பதில்: உங்கள் அம்மாவை யாரும் கைவிடவில்லை. பிளாட்டினம் வகை மருந்தான கார்போபிளாட்டினை முடித்து 6 மாதத்துக்குள் நோய் தலைகாட்டினால், செல்கள் அம்மருந்துக்குப் பணிய மறுக்கின்றன என்று கொள்கிறோம். முதல் முறை இரண்டு மருந்து கொடுத்ததற்குக் காரணம் இரண்டுமே வேலை செய்யும் என்ற நம்பிக்கை. இப்போதோ அவ்விரண்டில் முதன்மையானது பலம் இழந்துவிட்டது. மீதமுள்ள மருந்துகளில் இரண்டைச் சேர்த்தால் இரண்டுமே இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் என்பதால் ஒவ்வொன்றின் அளவையும் குறைக்க நேர்கிறது. அப்படிச் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் பக்கவிளைவு கூடியதே தவிர, ஆயுள் தெளிவாக நீண்டதாகத் தெரியவில்லை. ஆகவே ஒன்றைக் கொடுத்து, பலன் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்ததற்கு மாறுவதே உலகெங்கும் உள்ள நடைமுறை.

எந்த ஒன்று என்பதில்தான் அம்மாவின் விரல்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வாரந்தோறும் ஏற்றும் பக்லிடாக்செல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தபோது பயன் பெறாதவர்களுக்கும் சில சமயம் பலன் தருகிறது. ஆனால் விரல் நுனி மரத்துப்போவதை அது மேலும் கூட்டும். ஏற்கெனவே இலையை மடித்து நூல் கட்டத் தடுமாறுகிறார் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 4 வாரத்துக்கு ஒரு முறை தரும் லைபோசோமல் டாக்சோரூபிசின் நரம்பை அவ்வளவாகத் தொடுவதில்லை என்றாலும், உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியக்கூடும். அந்நாட்களில் கத்தரிக்கோல் பிடிப்பதும் வெயிலில் வெறுங்காலுடன் நடப்பதும் ஆகாது. ஜெம்சிடபின், டோபோடெகான் ஆகியவையும் உண்டு.

பயனுள்ள சேர்க்கை ஒன்று இருக்கிறது. அது இன்னொரு கீமோ மருந்து அன்று. கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப். 361 பெண்களிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒற்றைக் கீமோவுடன் இதைச் சேர்த்தபோது நோய் கட்டுப்பட்டிருந்த காலம் 3.4 மாதத்திலிருந்து 6.7 மாதமாக உயர்ந்தது. வயிற்று நீரும் குறைந்தது. மொத்த ஆயுள் உறுதியாகக் கூடியதாக நிறுவப்படவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ஸ்கேனில் குடலை நோய் பற்றியிருந்தாலோ, குடல் அடைப்பு வந்திருந்தாலோ குடலில் ஓட்டை விழும் ஆபத்து இருப்பதால் இதைத் தவிர்ப்போம். இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். விலை அதிகம் என்பதால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் இது அடங்குமா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்நிலையில் சிகிச்சையின் நோக்கம் நோயை அடியோடு நீக்குவதன்று, அதைக் கட்டுக்குள் வைத்து அம்மாவின் நாட்களை வலியின்றி நகர்த்துவதே. இதை உங்களிடம் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவை இப்போதே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுக் காத்திராமல், இரவானாலும் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.