முட்சீத்தாக் கஷாயமும் குப்பைமேனிச் சாறும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ ஏற்றுகிறார்கள். முட்சீத்தா இலை கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்று ஆய்வில் நிரூபித்துவிட்டதாக வட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, மாமி தினமும் இலையை அவித்துக் கொண்டுவந்து தருகிறார். இனி கிளினிக்குக்குப் போக வேண்டுமா என்று அம்மா கேட்கிறார். உண்மையில் அப்படியோர் ஆய்வு நடந்ததா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு தவணைகூட கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. கஷாயம் குடித்த விடயத்தை அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரல் என்பதால், அந்த வேலையில் குறுக்கிடும் எந்த மூலிகையும் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். மாமி அன்பினால்தான் செய்கிறார். அவரோடு மனஸ்தாபப்பட வேண்டாம், இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆய்வு நடந்தது உண்மைதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முட்சீத்தாவின் விதையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த ஒரு சேர்வை, கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட ஒரு வகைப் பெருங்குடற் புற்றுநோய்க் கலங்களைக் கொல்வதில் அட்ரியாமைசின் என்னும் கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வலிமையுடன் இருந்ததாக 1996இல் எழுதினார்கள். அது விதை, இலையன்று. தூய சேர்வை, கஷாயமன்று. கிண்ணத்திலிருந்த கலங்கள், மனித உடலன்று. அந்தச் செய்தி கைபேசி வழியாக உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இவையெல்லாம் உதிர்ந்து, 10,000 என்ற எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இத்தகைய சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் கலங்களை வளர்த்து, தாவரச் சாற்றைப் படிப்படியாகக் குறையும் செறிவுகளில் அவற்றில் சேர்த்து, ஓரிரு நாட்களின் பின் எம்டிடி எனப்படும் மஞ்சள் நிறப் பொருளை இடுவார்கள். உயிருள்ள கலங்கள் அதை ஊதா நிறமாக்கும், இறந்தவை மாற்றமாட்டா. ஊதாவின் அடர்த்தியை அளந்து, கலங்களிற் பாதியை ஒழிக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று கணிப்பார்கள். மில்லிலீற்றருக்கு 20 மைக்கிரோகிராம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இது நிகழ்ந்தால்தான் ஒரு முழுச்சாற்றை மேற்கொண்டு ஆராயத் தகுந்ததாகப் பொதுவாகக் கருதுவார்கள். செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கறியுப்பும் புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும். ஆகவே ஒரு மூலிகை புற்றுநோய்க் கலங்களைக் கொன்றது என்று கேள்விப்பட்டால், எவ்வளவு கொடுத்தபோது கொன்றது, அதே அளவு நல்ல கலங்களை என்ன செய்தது என்ற இரண்டையும் கேளுங்கள்.

முட்சீத்தா விடயத்தில் இரண்டாவது கேள்வியே எனக்கு அதிக கவலை தருகிறது. அதிலுள்ள அசிற்றோஜெனின் என்னும் சேர்வைகள், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் வேலையை முடக்கியே கலத்தைக் கொல்கின்றன. நரம்புக் கலங்களும் அதே இழைமணிகளை நம்பித்தான் வாழ்கின்றன. கரிபியன் தீவான குவாடலூப்பில், வழமையான மருந்துகளுக்குச் சரிவர இணங்காத, பார்கின்சன் என்னும் நடுக்குவாதத்தை ஒத்த ஒரு நோய்க்கும் இப்பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொள்வதற்கும் தொடர்பிருக்கலாம் என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதுவே காரணம் என்று தீர்ப்பாகவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் இருக்கையில், உடல் தளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் அவித்துக் கொடுப்பதை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை.

செடியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. நம் முற்றங்களிலும் கோயில் வேலியோரங்களிலும் பூக்கும் பட்டிப்பூவிலிருந்துதான், அதாவது நித்தியகல்யாணியிலிருந்துதான், வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்ற இரு கீமோ மருந்துகள் கிடைத்தன. நீரிழிவுக்கு மருந்து தேடி அச்செடியை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர்கள், அது வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதைக் கண்டு 1950களில் இவ்வழிக்குத் திரும்பினார்கள். சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்ரின் இன்றும் கொடுக்கப்படுகிறது. அதுவும் ஓரிரு மில்லிகிராம் அளவில், நாளத்தினூடாக, மிகுந்த கவனத்துடன்தான். பட்டிப்பூ இலையை யாரும் வீட்டில் அவித்துக் குடிக்கக் கூடாது.

கேள்வி: பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகக் குப்பைமேனி இலைச் சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வட்டத்தை, பற்றீரியா பூசிய அகார் (நுண்ணங்கிகளை வளர்க்கும் கூழ்) தட்டில் வைத்தோம். சுற்றிலும் 11 மில்லிமீற்றர் விட்டத்தில் தெளிந்த வளையம் வந்தது. இச்சாறு நுண்ணங்கிகளைக் கொல்லும் என்று எழுதலாமா?
– உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

பதில்: இன்னும் எழுத வேண்டாம், தம்பி. சாற்றை எதனோலில் எடுத்திருந்தால், எதனோல் மட்டும் தோய்த்து உலர்த்திய வட்டமொன்றையும் அதே தட்டில் வைத்தீர்களா? வளையத்தை உண்டாக்கியது இலையா, கரைப்பானா என்பதை அந்த வட்டந்தான் சொல்லும். அளவு தெரிந்த நுண்ணுயிர்க்கொல்லி வட்டமொன்றும் ஒப்பீட்டுக்குத் தேவை. மூன்று முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். வட்டத்தின் சொந்த விட்டமே வழக்கமாக 6 மில்லிமீற்றர் என்பதையும் மறக்காதீர்கள். வளையம் பெரிதாவதற்குச் சாற்றின் வலிமை மட்டுமன்றி அது அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதும் காரணமாவதால், இரண்டு மூலிகைகளை வளைய அளவை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைத் திரவ ஊடகத்தில் கண்டறிவதே அடுத்த படி.

நோய்க்கிருமிகளைப் பாடசாலையில் வளர்க்காதீர்கள். சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தை உங்கள் ஆசிரியர் மூலம் அணுகிப் பாருங்கள். செடியைச் சரியாக இனங்காணவும் அங்கு உதவி கேட்கலாம். முடிவுரையில் ‘இச்செறிவில், இப்பற்றீரியாவின் வளர்ச்சி தடுக்கப்பட்டது’ என்று எழுதினால் போதும். குப்பைமேனியைக் கஞ்சியில் சேர்த்து உண்ட, ஜி6பிடி (செங்குருதிக் கலங்களைச் சிதையாமல் காக்கும் நொதியம்) குறைபாடுள்ள சிலருக்குச் செங்குருதிக் கலங்கள் சிதைந்ததை இலங்கை வைத்தியர்களே 1990களில் பதிவு செய்திருக்கிறார்கள். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.