பீரோவில் பூட்டிய இன்ஹேலர்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. தூசியும் பூந்தூளும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எடையைக் குறைக்க வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் பாலாற்றங்கரையில் ஓடுகிறாள். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை; வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இளைப்பு எடுக்கிறது. ஆஸ்துமாவுக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் பீரோவில் இருக்கிறது. வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் வெளியே எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஓட்டத்தை நிறுத்திவிட்டு யோகா செய்யச் சொல்லலாமா?
– ஒரு தாய், காட்பாடி

பதில்: அம்மா, ஓட்டமா யோகாவா என்பது பிறகு. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இன்ஹேலர் பீரோவில் இருக்கிறது என்று, அந்த வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. மூச்சுக்கென்று மருத்துவர் கொடுத்த மருந்தைப் பட்டுப்புடவைகளோடு வைத்துப் பூட்டிவிட்டு, மூச்சு ஏன் வாங்குகிறது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இளைப்பு வருவதால் ஓட்டத்தின்போது ஆபத்தில்லை என்று எண்ணிவிட்டீர்கள் போலும். ஓடுகிறவர் வாய்வழியே வேகமாக இழுக்கும் காற்று மூச்சுக்குழாயின் உட்சுவரை உலர்த்துகிறது. அதனால் சுற்றியுள்ள தசை இறுகிக் குழாய் சுருங்குகிறது. ஓட்டத்தை நிறுத்திய 5 முதல் 15 நிமிடங்களுக்குள் அது உச்சத்துக்குப் போவதுதான் வழக்கம். ஒவ்வாமையால் மூக்கு அடைத்துக்கொள்கிறவர்கள் வாயால்தான் மூச்சுவிட்டாக வேண்டும் என்பதால், அவர்களுக்கு இது இன்னும் கடுமையாக வரும். இதைத் தடுப்பதற்காகவே, ஓடுவதற்கு 10, 15 நிமிடங்களுக்கு முன், மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. உங்கள் மகளுக்கு எத்தனை முறை, தினசரித் தடுப்பு மருந்தும் தேவையா என்பதை அவளுடைய மருத்துவரிடமே கேளுங்கள். 2003ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்கள் பிரிவில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப், சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவர். அவர் அதை யாரிடமும் ஒளிக்கவில்லை.

நீங்கள் யாரிடமிருந்து ஒளிக்கிறீர்கள்? போகியன்று தெருவெங்கும் புகை மண்டும்போதோ, மாமியார் வீட்டுப் பரணை ஒட்டடை அடிக்கும்போதோ அந்த இளைப்பு தானாக வெளிப்படத்தான் போகிறது. அன்று அவள் கையில் மருந்தும் இருக்காது, அவளுக்கு என்ன செய்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. நாளை அவள் கருவுற்றால், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா தாயையும் குழந்தையையும் சேர்த்தே பாதிக்கும். பெண்ணைப் பெற்றவர்களின் முதல் கடமை அவள் உயிரைக் காப்பது; வரன் பார்ப்பது அதற்குப் பிறகுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்ஹேலரைக் கண்டு பின்வாங்கும் குடும்பம் உங்கள் பெண்ணுக்கு வேண்டாம். மகளுக்கு இருக்கும் நோயை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஊரார் அல்ல, நீங்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் மண்டிய இடம் அவளுக்கு ஆகாது. மார்கழிப் பனியில் புகையும் தூசியும் தரையை ஒட்டியே தங்கும் என்பதால், வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு கிளம்பட்டும். முதல் 10 நிமிடம் நடந்து உடம்பைப் பழக்கிவிட்டு ஓடட்டும், முடிக்கும்போதும் மெல்ல நடந்து முடிக்கட்டும். யோகாவும் நல்லதுதான், ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் தணியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்று இரவே பீரோவைத் திறந்து, அந்த இன்ஹேலரின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அதை உங்கள் கையாலேயே மகளிடம் கொடுங்கள். அடுத்து பெண் பார்க்க வருகிறவர்களிடம், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே அவளுக்கு ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்.