தெரிந்த பதில் ஏன் வர மாட்டேன் என்கிறது?

வணக்கம் மேடம்.

எனக்கு 35 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். 11 வருடமாக பெங்களூரில் ஒரே கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங், அதாவது சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று கையால் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எல்லாம் இன்சூரன்ஸ் புராஜெக்ட். சிங்கசந்திராவில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவி பக்கத்துப் பள்ளியில் டீச்சர், மகள் இரண்டாம் வகுப்பு.

நான்கு மாதத்துக்கு முன்பு என்னைப் புராஜெக்டிலிருந்து ரிலீஸ் செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து பெஞ்ச், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது. வேறு புராஜெக்ட் கிடைக்காவிட்டால் சிரமம் என்று ஹெச்.ஆர். இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மனைவிக்கு இது தெரியாது. தினமும் வழக்கம்போல் கிளம்பி, மஞ்சள் வழி மெட்ரோவில் எலக்ட்ரானிக் சிட்டி போய், கார்டைக் காட்டி உள்ளே நுழைந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நேர்காணல்கள் பெரும்பாலும் சாயங்காலமோ சனிக்கிழமையோதான் வைக்கிறார்கள். அப்போது வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். கார் துடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் காருக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இதுவரை 9 நேர்காணல். ஒன்றும் தேறவில்லை. எல்லா இடத்திலும் ஆட்டோமேஷன், அதாவது புரோகிராம் எழுதி அதை வைத்தே சோதிப்பது தெரியுமா என்று கேட்கிறார்கள். ஏழெட்டு மாதமாக இரவில் உட்கார்ந்து அதற்கான ஜாவாவும் செலினியமும் படிக்கிறேன். நண்பர் சொன்னதைக் கேட்டு ரெசியூமேயில் ஆட்டோமேஷனில் 4 வருட அனுபவம் என்று போட்டுவிட்டேன். 200 கேள்வி பதில் மனப்பாடமாகத் தெரியும். போன வாரம் நேர்காணல் எடுத்தவருக்கு 26 வயது இருந்தால் அதிகம். ஒரு சொல்லில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் புரோகிராமை எழுதச் சொன்னார். வீட்டில் இருபது முறை எழுதிப் பார்த்ததுதான். ஸ்கிரீன் ஷேர் போட்டதும் கை நின்றுவிட்டது. காது அடைத்தது. நிதானமாக எழுதுங்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார், எனக்கு ஒரு வரி பதில் வரவில்லை. நெட் போனதுபோல் காட்டி அழைப்பைத் துண்டித்தேன். காருக்குள்ளேயே அழுதேன்.

வேலையில் நான் மோசமில்லை மேடம். ஒரு முறை சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தின இரவு, பிப்ரவரி 29 பிறந்தவர்களுக்கு மட்டும் வயது தப்பாகக் கணக்காகி பிரீமியம் மாறுவதைக் கண்டுபிடித்து ரிலீஸையே நிறுத்த வைத்தேன். அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்?

மாரத்தஹள்ளியில் ஒரு கன்சல்டன்சிக்காரர், பணம் கட்டினால் ஆட்டோமேஷன் அனுபவச் சான்றிதழ் தருகிறேன், நேர்காணலில் பின்னாலிருந்து பதில் சொல்லவும் ஆள் தருகிறேன் என்கிறார். ஊரில் கட்டிய வீட்டுக்கு மாதம் 24,000 இ.எம்.ஐ. வீட்டுச் செலவெல்லாம் சேர்த்து 80,000 ஆகிறது. மனைவி சம்பளம் 22,000. கையிருப்பு 3 லட்சம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. சரி என்று அந்தக் கன்சல்டன்சிக்காரரிடம் போய்விடலாமா?

பெயர் வேண்டாம், பெங்களூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கே நிறைய தெம்பு வேண்டும்.

முதலில் அந்தக் கை நின்ற விஷயத்தைப் பார்ப்போம். ஒரு நேரத்தில் மனத்தால் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது கொஞ்சம்தான். இதைச் செயல் நினைவு என்பார்கள். புரோகிராம் எழுதும்போது எந்த வரியில் நிற்கிறோம், அடுத்து என்ன என்பதை வைத்திருப்பது அதுதான். பயம் வந்தால் அதுவும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். அன்று உங்களுக்கு அங்கே என்னவெல்லாம் இருந்திருக்கும்? நான்கு வருடம் என்று போட்டதை இவர் தோண்டிக் கேட்டுவிடுவாரோ, மனைவி கீழே இறங்கி வந்துவிடுவாரோ, நம் ஆங்கிலத்தைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்கிறாரோ. இத்தனைக்கும் காவல் நின்றுகொண்டிருந்த மனத்தில் எழுத்தை எண்ணும் புரோகிராமுக்கு இடம் எங்கே இருக்கும்? நீங்கள் படித்தது எங்கேயும் போய்விடவில்லை. அது வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அதனால் இன்னொரு 200 கேள்வியை மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் மறைத்துக்கொண்டிருப்பவற்றைக் குறைக்க வேண்டும். அது கஷ்டம் என்று தெரியும், இருந்தும் அதைத்தான் சொல்கிறேன்.

ரெசியூமேயிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த நான்கு வருடத்தை இன்றே எடுத்துவிடுங்கள். '11 வருட டெஸ்டிங், இன்சூரன்ஸ் துறை, கடந்த சில மாதங்களாக ஆட்டோமேஷன் கற்றுச் செய்து பார்க்கிறேன்' என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். அழைப்புகள் குறையும், நிச்சயமாகக் குறையும். வருகிற அழைப்பில் நீங்கள் யார் என்று தெரிந்தே கூப்பிட்டிருப்பார்கள். எதிரே இருப்பவருக்கு எது தெரிந்துவிடுமோ என்று காவல் நிற்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் தெரிந்த டெஸ்டரைத் தேடும் இடங்களைக் குறிவைத்து அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனங்களின் சொந்த தொழில்நுட்ப மையங்களும் பெங்களூரில் இருக்கின்றன.

அப்புறம் அந்த பிப்ரவரி 29. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான், நீங்களோ போகிற போக்கில் சொல்லிவிட்டு யாருக்கு வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை பிறந்தநாள் வருபவரின் பிரீமியம் தப்பிப்போகும் என்று ரிலீஸுக்கு முந்தின இரவில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அது எப்படித் தோன்றியது, யாரிடம் சொன்னீர்கள், நிறுத்த வேண்டும் என்று எப்படிப் புரியவைத்தீர்கள்? ஒன்பது நேர்காணலில் ஒருவரிடமாவது இதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் பெயர், ஊர், படிப்பு என்று ஒப்பிக்காமல் இந்த இரவைச் சொல்லுங்கள். கம்பெனியின் புரோகிராமையோ டேட்டாவையோ தொடாமல் இதையே ஒரு சின்ன ஆட்டோமேஷன் பயிற்சியாகவும் செய்யலாம். பிறந்த தேதி கொடுத்தால் வயது சொல்லும் ஒரு சின்ன ஜாவா புரோகிராம், அதைச் சோதிக்க பிப்ரவரி 28, 29, மார்ச் 1 என்று தேதிகள். 2000 லீப் வருடம், 1900 லீப் வருடம் இல்லை என்பது வரைக்கும் சோதனை எழுதி, புரோகிராம்களை மற்றவர்கள் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். ஆட்டோமேஷன் தெரியுமா என்று கேட்டால் காட்டுவதற்கு உங்கள் கையால் செய்தது ஒன்று இருக்கும்.

வீட்டில் தனியாக இருபது முறை எழுதியது உதவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே யாரும் உங்களைப் பார்க்கவில்லை. ஒருவர் பார்க்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிப் பழக வேண்டும். முதலில் தமிழில் சொல்லுங்கள், ஒரு வாரம் கழித்து அதையே எளிய ஆங்கிலத்தில். 'ஒரு நிமிடம் யோசிக்கிறேன், யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்', 'இது எனக்குத் தெரியாது, இப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன்' என்ற இரண்டு வாக்கியங்களை மட்டும் ஆங்கிலத்தில் நாக்கில் பழக்கி வையுங்கள். தெரியாது என்று சொல்லும் டெஸ்டரை நான் மதிப்பேன். தப்பு இருக்கலாம் என்று சந்தேகப்படுவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்? கேட்பவருக்கு 26 வயது என்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு 26 வயதில் நேரம் தந்து பேசிய பெரியவர்களை நினைத்துப் பாருங்கள், அவர் உங்களுக்கு நேரம் தந்துதான் பேசியிருக்கிறார்.

நேர்காணலுக்கு முன் பத்து நிமிடம் ஒரு தாளில் உங்கள் பயத்தையெல்லாம் எழுதிவிடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெரார்டோ ராமிரெஸ், சயன் பைலாக் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய மாணவர்கள், முக்கியமாகத் தேர்வென்றாலே நடுங்குபவர்கள், கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். எழுதி முடித்ததும் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி சில மூச்சு விடுங்கள்.

கன்சல்டன்சிக்காரரிடம் போக வேண்டாம். உங்கள் வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கிறது. 11 வருடம் ஒரே கம்பெனி கட்டிய பணம் அங்கே இருக்கும்போது வேறு கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் எப்படி நிற்கும்? சேர்ந்த பிறகு பிடிபட்டால் உண்மையான 11 வருடத்தின் மேலும் சந்தேகம் விழும். மறைக்க வேண்டியவற்றில் இன்னும் இரண்டு கூடும் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், மூன்று மணிக்கு எழுப்புவது அதுதானே. 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படி இருந்தால் அதையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 11 வருடத்துக்கு சுமார் 2,54,000 ரூபாய். கையிருப்போடு சேர்த்து ஐந்தரை லட்சம். மனைவி சம்பளம் போக மாதம் 58,000 தேவை என்றால் ஒன்பது மாதம் ஓடும். வேலையை விடச் சொன்னால் கம்பெனி தர வேண்டிய நோட்டீஸ் சம்பளம் எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். ஹெச்.ஆர். ராஜினாமாவில் கையெழுத்துக் கேட்டால் அந்த அறையிலேயே போடாதீர்கள். யோசிக்க நேரம் கேட்டு, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் ஐடி ஊழியர்களுக்கென்றே கே.ஐ.டி.யு. என்ற தொழிற்சங்கம் இருக்கிறது, அவர்களிடம் பேசலாம்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தரம் தலைகாட்டினாலும், காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

மனைவியிடம் சொல்வதை நான் கடைசியில் வைத்தது, அதுதான் மிகவும் கடினம் என்பதால். நான்கு மாதம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கோபப்படலாம், அதில் நியாயம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கிய பிறகு, 'என்னைப் புராஜெக்டிலிருந்து எடுத்து நாலு மாசமாச்சு, சொல்லப் பயந்துட்டேன்' என்று ஆரம்பித்தால் போதும். ஒன்பது மாதக் கணக்கை எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் டீச்சர். தெரிந்த பதிலும் போர்டுக்கு முன்னால் வராமல் நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவர். ஜாவா தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

அடுத்த நேர்காணலை காருக்குள் எடுக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் மகளை அவர் கீழே விளையாடக் கூட்டிப்போகட்டும். நீங்கள் வீட்டிலேயே, ஜன்னல் பக்கமாக, மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்காருங்கள்.