அச்சு முறுக்கு அச்சைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்கிறது

கேள்வி: எனக்கு வயது 45. மதுரை கே.புதூரில் இருக்கிறோம். அம்மா மார்ச் மாதம் இறந்துபோனார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோய் ஜெபித்துவிட்டுத் தைரியமாகத்தான் திரும்பினேன். போன வாரம் பரணிலிருந்து அச்சு முறுக்கு அச்சை எடுத்தேன். போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் அம்மா எண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றி வைத்தது. பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அடிக்கடி நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, தூக்கம் இல்லை. விடியற்காலையில் அடுப்படியில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்கிறது. தூக்கம் வர உறவினர் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை நான்கு இரவு போட்டேன். அன்பியக் கூட்டத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் கூட்டம்) ஒரு பெரியம்மா, "ஒன்பது மாசம் ஆச்சு, இன்னும் அழுதா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்" என்கிறார். அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அம்மாதான். அப்பா அழவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. "எனக்கும் சீக்கிரம் நேரம் வந்தா நல்லது" என்கிறார். இந்த வருடம் ஸ்டார் கட்டக் கூடாது, குடில் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பத்து வயது மகள் குடில் கேட்கிறாள். எனக்கு வந்திருப்பது மனநோயா டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மனநோயாகத் தெரியவில்லை அம்மா. ஆனால் நெஞ்சு அடைப்பை அழுகைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படிக்கிற அன்றே போய் ஓர் இசிஜி எடுங்கள். 45 வயதில், மாதவிடாய் நிற்கிற பருவத்தை நெருங்கும் பெண்ணுக்கு "டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிய கதைகள் எங்கள் தொழிலில் நிறைய. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். அடைப்போடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, கால் மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ யோசிக்காமல் 108.

துக்கம் இதயத்தை நிஜமாகவே தாக்கும். பெரிய அதிர்ச்சியில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து, இதயத்தின் இடது கீழறை நுனியில் பலூன் போல ஊதிவிடுவது உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'டாகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற பானைக்கு அங்கே அதுதான் பெயர். ஸ்கேனில் இதயம் அந்தப் பானை மாதிரியே தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். உங்களுக்கு அது இருக்கும் என்று சொல்லவில்லை. படபடப்பும் மூச்சு மேலோட்டமாகப் போவதும் மார்புத் தசை இறுகுவதும் மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் இசிஜி பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

கல்லறையில் தாங்கியவர் பரணில் ஏன் உடைந்தீர்கள்? கல்லறைக்கு மனதைக் கட்டிக்கொண்டு போகிறோம். பரணுக்கு யாரும் அப்படி ஏறுவதில்லை. பழைய எண்ணெய் வாசம் வேறு. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் ஒரு இடைநிலையத்தில் நின்றுதான் போகும். வாசம் மட்டும் அங்கே நிற்காமல், நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கிற பகுதிக்கு நேராகப் போய்விடுகிறது. அம்மா என்ற எண்ணம் வருவதற்குள் கண் நிறைந்துவிடும்.

வளையல் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வேல்ஸில் டூவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதினார்: ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தவரைப் பார்த்திருக்கிறார்கள், குரலைக் கேட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பைத்தியங்கள் இல்லை. பலர் அதை வெளியே சொன்னதும் இல்லை. அது துணையை இழந்தவர்கள் பற்றிய ஆய்வு என்றாலும், பெற்றோரை இழந்தவர்கள் இதையே என்னிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் உங்களைத் திட்டினாலோ, "இதைச் செய்" என்று ஏவினாலோ அது வேறு விஷயம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அல்பிரசோலத்தை இத்தோடு விடுங்கள். நான்கு இரவுதான் என்பதால் நிறுத்துவது சிரமம் இல்லை. நாற்பது இரவு ஆகியிருந்தால் படிப்படியாகத்தான் நிறுத்த முடியும். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. தப்பித்தவறி அப்பாவுக்குப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

சொல்லப்போனால், உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த நோயாளி நீங்கள் இல்லை, அப்பா. "மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அம்மாதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இப்போது யார் கொடுக்கிறார்கள்? "போட்டேன்மா" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம். கடைசியாக மாத்திரை வாங்கிய தேதியைப் பார்த்து, அட்டையில் மீதியை எண்ணுங்கள். எண்ணிக்கை பொய் சொல்லாது.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து. போடாமல் விட்டால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, வெறித்த பார்வை எல்லாம் வரும். துக்க வீட்டில் இதைப் பார்க்கிறவர்கள் "பாவம், அம்மா நினைப்பிலேயே இருக்கார்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி நடந்து, மயங்கிய நிலையில் என்னிடம் தூக்கிவந்த ஒரு பெரியவரை இன்னும் மறக்க முடியவில்லை. சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கருவி இல்லையா, நினைவு இருக்கும்போதே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு சாப்பாடு கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108. சாப்பாடு இல்லாத வேளைக்கு அந்த மாத்திரையும் வேண்டாம். அளவை மாற்றுவதை மட்டும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஆறு மாதத்தில், மனைவியோடு வாழும் அதே வயது ஆண்களைவிட 40 சதவீதம் கூடுதலாக இறந்திருந்தார்கள். அதில் இதய நோய்தான் முன்னால் நின்றது. அந்த ஆறு மாதத்தை அப்பா தாண்டிவிட்டார், நல்லது. ஆனால் "நேரம் வந்தா நல்லது" என்றதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடாதீர்கள். தனியாக உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, அவரைத் தனியே விடாமல் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடு ராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

உங்கள் அழுகைக்கு வருகிறேன். நீடித்த துக்கத்தை நோயாகக் கொள்ள உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு வருடம் என்கிறார்கள். நான் காலண்டரை மட்டும் பார்ப்பதில்லை. எழுந்து சமைக்கிறீர்கள், மகளைக் கவனிக்கிறீர்கள், பண்டிகைக்கு முறுக்கு சுட அச்சைத் தேடியிருக்கிறீர்கள். அதை நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

விசுவாசம் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது, நான் திருநீறு பூசுகிறவன். ஆனால் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவின் சேவகன் வேஷம், அட்டைக் கத்தியில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். அதனால் மாட்டுத் தொழுவத்துக்குப் பிறகு நடந்ததும் எனக்குத் தெரியும். ஏரோது பெத்லகேம் பிள்ளைகளைக் கொன்றதைச் சொல்கிற இடத்தில், ராகேல் என்ற தாய் ஆறுதலை ஏற்காமல் அழுகிறாள் என்று மத்தேயு எழுதுகிறார். டிசம்பர் 28-ல் உங்கள் திருச்சபையே அந்தக் குழந்தைகளை நினைக்கிறது. இறந்துபோன லாசரை உயிரோடு எழுப்பப் போகிற இயேசுவும் முதலில் கண்ணீர்தான் விட்டார். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். பங்குத்தந்தையிடம் பேசுங்கள், அம்மா பெயருக்கு ஒரு திருப்பலி கேளுங்கள்.

ஸ்டார் விஷயம் மருத்துவம் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்பா இறந்த வருடம் தீபாவளி இல்லை என்றார்கள். பட்டாசு வாங்கவில்லை, ஆனால் என் தங்கை மகன் கையில் மட்டும் யாரோ மத்தாப்பைக் கொடுத்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. உங்கள் வீட்டில் ஸ்டாரைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், குடிலை மகளுக்கு வாங்கிக்கொடுங்கள். ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவச் சொல்லுங்கள், நம்ம ஊர் முளைப்பாரி மாதிரிதான். பத்து நாளில் குடிலுக்குப் புல் தயார். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது தாத்தா வேலை. தெளிக்கும் முன் அவர் மாத்திரையைப் போட்டாரா என்று பார்ப்பது பேத்தி வேலை.

நடுச்சாமப் பூசைக்கு அப்பாவைப் பனியில் இழுக்க வேண்டாம், 25-ந் தேதி காலைப் பூசை போதும். அன்றைக்கு அச்சு முறுக்கு ஒன்று கொடுக்கலாம், கேக் வேண்டாம். அச்சு ஒரு வருடம் சும்மா கிடந்தது, எண்ணெயில் நன்றாகக் காய வையுங்கள். முதல் இரண்டு ஒட்டத்தான் செய்யும். இசிஜி எடுக்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள், அந்த மாத்திரை அட்டைகளோடு.